நாலாவது படத்தில் இருந்த கூரியர் கட்டணம்

ஏலம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது நான் வங்கியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, டப்பாவைக்கூட மூடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு காதில் இயர்போன். தொகை ஏற ஏற போன் படித்துச் சொன்னது. ஆயிரத்து நானூறு. ஆயிரத்து ஐநூறு. நான் ஆயிரத்து அறுநூறு போட்டேன். அதற்கு மேல் யாரும் ஏறவில்லை. “வாழ்த்துகள், இந்தப் பொருள் உங்களுடையது” என்று அந்தக் குரல் சொன்னது. மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று என்று சொல்லும்போதும் அதே தொனிதான்.

எனக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. அம்பத்தூரில் ஒரு வங்கியில் வேலை, அண்ணனூரில் இரண்டாவது மாடியில் வீடு. நான் ஏலத்தில் எடுத்தது ஒரு பிரெய்ல் தட்டச்சு இயந்திரம். ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள், நடுவில் இடைவெளிக்கு ஒன்று. கனமான இரும்புச் சாமான். புதிதாக வாங்க வேண்டுமென்றால் வீட்டுக் கடனைக் கட்டிய பிறகு கையில் நிற்கும் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் இத்தனை வருஷமும் ஸ்லேட்டிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். சட்டத்தில் தாளை மாட்டி, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால்தான் படிக்க முடியும் என்பதால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். இரண்டு வருஷமாக என் வலது மணிக்கட்டு அதற்கு ஒத்துவரவில்லை. ஒரு பக்கம் எழுதினால் அன்று முழுக்க வலி.

போனிலேயே எழுதிக்கொள்ளலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். எழுதுகிறேன்தான். ஆனால் அதைப் போன் திருப்பிப் படிக்கும்போது யாரோ எழுதிய எதையோ கேட்பதுபோல இருக்கிறது. ஒரு சொல்லில் நின்று யோசிக்க விரலுக்குக் கீழே அந்தச் சொல் இருக்க வேண்டும். இதை விளக்கி விளக்கி நான் விட்டுவிட்டேன்.

இப்படித்தான் ஏலத் தளங்களுக்குள் போனேன். முதலில் வெளிநாட்டுத் தளங்கள். ஒரு வெள்ளைக்காரர் தன் இயந்திரத்தைத் தேநீர் விலைக்கு ஏலம் விட்டிருந்தார். அனுப்பும் செலவு எவ்வளவு என்று கேட்டு எழுதினேன். அவர் சொன்ன தொகைக்கு இங்கே புதிய இயந்திரத்தையே பாதி வாங்கியிருக்கலாம். ஐந்து கிலோவுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, பெட்டி கட்டும் உழைப்பும் அதில் சேர்ந்தது என்று மரியாதையாகப் பதில் வந்தது. இன்னொரு பெண்மணி நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் சுங்கவரி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார். மூன்றாவது முறை, பெயருக்கு ஒரு விலை வைத்து மீதியை எல்லாம் தபால் செலவில் வைப்பதுதான் இவர்கள் வழக்கம் என்று புரிந்தது. பொருளின் விலையைக் கேட்பதற்கு முன் அனுப்பும் செலவைக் கேட்பது என் வழக்கமாயிற்று.

இந்த ஒரு முறை கேட்கவில்லை. பொருள் இருக்கும் இடம் சென்னை என்று போட்டிருந்தது. ‘கூரியர் கட்டணம் தனி, விவரம் படத்தில்’ என்று போன் படித்தது. அதன்பின் ‘படம் ஒன்று, படம் இரண்டு, படம் மூன்று, படம் நான்கு’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. படத்துக்குள் எழுதியிருப்பதை அது படிக்காது. சென்னைக்குள்தானே, முந்நூறு நானூறு ஆகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக என் மனைவிதான் பார்த்துச் சொல்வாள். திருமுல்லைவாயலில் ஓர் ஏற்றுமதித் தையல் கம்பெனியில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கச் சட்டைகளில் பிசிறும் விட்டுப்போன தையலும் தேடிவிட்டு வீட்டுக்கு வருவாள். “இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்” என்று நான் போனை நீட்டும்போது, அவள் ‘கொடுங்க’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். கோபம் இல்லை, வெறும் அலுப்பு. சில மாதங்களாக அந்த இடைவெளி எனக்கு நன்றாகவே கேட்க ஆரம்பித்திருந்தது. அதனால் இதை அவளிடம் காட்டாமல் நானே முடித்துவிட நினைத்தேன்.

பணம் கட்டும் பக்கம் திறந்தது. மொத்தம் நாலாயிரத்து நானூற்றைம்பது என்றது போன். மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தேன். மூன்று முறையும் அதே தொகை.

அன்று மாலை அவள் கைகால் கழுவிவிட்டு வந்ததும் போனை நீட்டினேன். அந்த இடைவெளி விழுந்தது. பிறகு வாங்கிப் பார்த்தாள்.

“நாலாவது படத்துல சிவப்பு எழுத்துல போட்டிருக்கே. கூரியர் ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பது. ஏலத்துக்கு முன்னாடி பாக்கலயா நீங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. “என்கிட்ட குடுத்திருக்கலாம்ல” என்றாள், கொஞ்சம் தணிந்து. குக்கரை அடுப்பில் வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தத் தளத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். எண்களை அழுத்து, நட்சத்திரக் குறியை அழுத்து என்று கடந்து, பாட்டெல்லாம் கேட்டு முடித்த பின் ஒரு பெண் வந்தாள். சின்ன வயதுக் குரல்.

“கட்டண விவரம் படத்துல தெளிவா குடுத்திருக்காங்க சார்.”

“எனக்குக் கண் தெரியாதும்மா. படத்துல இருக்கறத என் போன் படிக்காது. எழுத்தா போட்டிருந்தா படிச்சிருக்கும்.”

விசைப்பலகையில் ஏதோ தட்டினாள்.

“சாரி சார். பக்கத்துல யாரையாவது பாத்துச் சொல்லச் சொல்லியிருக்கலாமே சார்?”

“அதான்மா பிரச்சினையே” என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்க வழியில்லை. ஏலம் எடுத்த பிறகு வேண்டாம் என்றால் முன்பணம் ஐநூறு போய்விடும், கணக்கை மூன்று மாதம் முடக்கிவிடுவார்கள், கூரியர் கட்டணம் விற்பவர் விருப்பம், அதில் தளம் தலையிடாது. இதையெல்லாம் அவள் ஒப்பித்தாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள். விற்பவரின் போன் எண்ணைத் தரச் சொன்னேன். ஏலம் எடுத்தவருக்கு மட்டும் தரலாம் என்று அதைத் தந்தாள். அந்த ஓர் உதவிக்காக அவளுக்கு நன்றி சொன்னேன்.

விற்பவர் முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் இரும்பை இரும்பில் போடும் சத்தம். ஏலம் எடுத்தவன் பேசுகிறேன் என்றேன்.

“ஆங், அந்த டைப்ரைட்டரா? பணம் இன்னும் வர்லியே சார்.”

“கூரியர் ரொம்ப அதிகமா இருக்கு. உங்க இடம் எங்க?”

“மாங்காடு. நீ எங்க கீற?”

“அண்ணனூர்.”

“அட, பக்கத்துலதான் கீறே! இதுக்கு ஏன் கூரியரு?”

“அதத்தான் நானும் கேக்கறேன். நேர்ல வந்து எடுத்துக்கறேன். கூரியர் காசக் கழிச்சுடுங்க.”

“அது சைட்ல மாத்த முடியாது சார். கேன்சலும் பண்ணாத, எனக்கு கெட்ட பேரு உழும். நீ வா, நேர்ல பேசிக்கலாம்.”

இரண்டாம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மனைவிக்கு வேலை. அவள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போகலாம் என்றாள். ஞாயிறு ஒரு நாள்தான் அவள் காலை எட்டு மணி வரை தூங்குவாள். நானே போய் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். மடித்த சாக்குப் பை ஒன்றும் கயிறும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணனூரிலிருந்து ஆவடிக்கு ஒரு ஸ்டேஷன் ரயிலில். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ். பூந்தமல்லியில் இறங்கியதும் எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்று ஐந்தாறு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் இரண்டு திசையைக் காட்டினார்கள். காட்டினார்கள் என்பதை அவர்கள் “அதோ” என்று சொன்னதில் தெரிந்துகொண்டேன். கடைசியில் ஒருவர் ஏற்றிவிட்டார். மாங்காட்டில் இறங்கி நான் வழி கேட்க வாய் திறப்பதற்குள் ஓர் அம்மா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். மல்லிகைப் பூ வாசம். “வாப்பா, கூட்டம் கம்மியாத்தான் கீது, நான் இட்டுகினு போறேன்” என்று வேகமாக நடக்க ஆரம்பித்தார். கால்வாசித் தூரம் போன பிறகுதான் அவர் என்னை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார் என்று புரிந்தது.

“கோயிலுக்கு இல்லம்மா. பழைய சாமான் கடைக்குப் போகணும்.”

“இவ்ளோ தூரம் வந்துட்டு அம்மாவ பாக்காம போவியா?” என்றார். எனக்காக வருத்தப்பட்டார். என்றாலும் திருப்பிக் கூட்டி வந்து, கடையின் பெயரை ஓர் ஆட்டோக்காரரிடம் விசாரித்து, சந்து முனைவரை கொண்டுவந்து விட்டார். எனக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் களைப்பாக இருந்தது. காலை பதினொன்றுகூட ஆகவில்லை.

கடை என்பது வீட்டின் பின்பக்கத்தில் தகரக் கொட்டகை. துருவும் பழைய காகிதமும் கலந்த வாசம். என் கோல் ஏதோ மின்விசிறியில் தட்டியதும் உள்ளிருந்து அந்தப் போன் குரல் வந்தது.

“பாத்து, பாத்து! அய்ய, கண்ணு தெர்லியா சார்? போன்ல சொல்லவே இல்லியே நீ. சொல்லிருந்தா பஸ் ஸ்டாப்பாண்ட ஆள அனுப்பிருப்பேனே.”

ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தன் மனைவியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்தார். கையை வைத்தேன். குளிர்ந்த உடல், வட்டமான முனைகள், வரிசையாக ஏழு விசைகள். தாள் உருளும் கைப்பிடி சுற்றியது. புள்ளி குத்தும் தலை நகர்ந்து வரி முடியும் இடத்தில் மணி அடித்தது. அதுவரை இருந்த அலுப்பு ஒரு கணம் எங்கோ போய்விட்டது.

“இன்னா மிசின் சார் இது? எழுத்தே இல்லியே. ஒரு ஆபீஸ் மூடசொல்ல மொத்தமா எடுத்தேன். சேரு, பேனு, இது. எங்கூட்ல எடைக்குப் போட்டுடுன்னுச்சு. நான்தான் வெச்சிருந்தேன்.”

கெட்டியான தாள் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய காலண்டர் அட்டை ஒன்றைக் கிழித்துத் தந்தார். மாட்டி, ‘மாங்காடு’ என்று அடித்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். ‘ம’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ இருந்தது. ‘ம’வுக்கு ஒன்று, மூன்று, நான்கு ஆகிய புள்ளிகள், நான்காம் புள்ளி விழவில்லை. ஓங்கி அழுத்தினால் லேசாக விழுந்தது.

“ஒரு விசை சரியா வேலை செய்யல.”

“இன்னா எழுதின?”

“மாங்காடு.”

அவர் விரல் என் விரலுக்குப் பக்கத்தில் வந்தது. சொரசொரப்பான விரல். அட்டையில் மெதுவாகத் தேய்த்தார். “இதுவா மாங்காடு?” என்றார். மனைவியையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா டீயை என் கையில் கொடுத்துவிட்டு, “இத்தப் போயி எடைக்குப் போடச் சொன்னேனே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

டீயைக் குடித்துவிட்டுக் கேட்டேன். “மாங்காட்டுலேருந்து அண்ணனூருக்கு ரெண்டாயிரத்து எண்ணூத்தம்பது ரூபாயா?”

அவர் எதிரே ஏதோ பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“உள்ளத சொல்றேன் சார். பொருள் வெலைல நூத்துக்கு இருபது ரூபா சைட்டுக்காரன் எடுத்துகினு பூடுவான். கூரியர் காசுல கை வெக்க மாட்டான், அப்டியே எனுக்கு வந்துரும். அதான் வெலய கம்மியா வெச்சி கூரியர்ல ஏத்தறது. எல்லாரும் இத்தான் பண்றாங்கோ. நான் மட்டும் பண்லன்னா இந்தக் கொட்டாய்க்கு வாடக கட்ட முடியாது.”

“அத எழுத்துல போடாம படத்துல ஏன் போட்டீங்க?”

“எழுத்துல போட்டா தேடசொல்லவே தெரிஞ்சிடும். உள்ள வர மாட்டான். படத்துல போட்டா, ஆசப்பட்டு ஏலம் எடுத்தப்புறம் கட்டிடுவான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒன்ன மாதிரி கீறவங்கோ வாங்குவாங்கன்னு நெனச்சே பாக்கல சார்.”

“தெரிஞ்சிருந்தா?”

வீட்டுக்குள் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

“பொய் சொல்ல மாட்டேன். இது இன்னா மிசின்னு தெரிஞ்சிருந்தா வெலய ஏத்தி வெச்சிருப்பேன்.”

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வழி நெடுக நான் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் மூன்று நாளாக என்னிடம் பேசியவர்களில் இந்த ஆள் ஒருவர்தான் நடந்ததை நடந்தபடி சொன்னார். அவரிடம் கத்த எனக்குத் தெம்பில்லை.

பேரம் பேசினோம். நான் தளத்தில் முழுத் தொகையைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இருவருக்கும் சிக்கல். கூரியர் பணத்தை அவர் கையில் திருப்பித் தர வேண்டும் என்றேன். ஆயிரம் தருகிறேன் என்றார். விசை பழுது என்பதை நினைவுபடுத்தினேன். ஆயிரத்து இருநூறு என்றார். “அந்த மனுஷன் மூணு வண்டி மாறி வந்துகீறாரு, குடுத்து அனுப்பு” என்று உள்ளேயிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார். ஆயிரத்து ஐநூறில் நின்றது. அங்கேயே உட்கார்ந்து போனில் பணம் கட்டினேன். அவர் மூன்று ஐநூறு ரூபாய்த் தாள்களை என் கையில் வைத்தார். நீளத்தை விரலில் அளந்து பார்த்துப் பையில் போட்டேன். “எண்ணிக்கோ சார், தப்பில்ல” என்றார்.

இயந்திரத்தைச் சாக்கில் போட்டு, தூக்க வாட்டமாகக் கயிறு கட்டி, பஸ் ஸ்டாப்வரை அவரே சுமந்து வந்தார். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டு, “கண்டக்டரே, பூந்தமல்லில எறக்கி வுடுங்க, நம்ம ஆளு” என்று கத்தினார்.

மடியில் ஐந்து கிலோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கணக்கு மனதில் ஓடியது. என் சாமானை நானே சுமந்து வருவதற்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் கூரியர் கட்டணம் கட்டியிருக்கிறேன். கல்லூரிக்குப் போகிற பையன்கள் இரண்டு பேர், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த நேரம் எனக்கு அப்படித்தான் பட்டது. ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் மணிக்கட்டு வலி தாங்காமல் சாக்கை இரண்டு முறை கீழே வைத்தேன். இரண்டு முறையும் யாரோ உதவட்டுமா என்று கேட்டார்கள். இரண்டாவது முறை கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன். ஆறு மணி சுமாருக்குப் போன் எழுப்பியது. ‘உங்கள் பொருள் பாதுகாப்பாக வந்து சேர்ந்தது. டெலிவரி சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ ஒன்றும் தராமல் அணைத்தேன்.

மனைவி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேசை மேல் இருந்த இயந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஏன் என்கிட்ட முன்னாடியே காட்டல?”

“நீ களைச்சு வர்றே. ஒவ்வொண்ணுக்கும் உன்னையே கேக்கறதுக்கு எனக்கும் அலுப்பா இருக்கு.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அலுப்பாத்தான் இருக்கு” என்றாள். “இல்லன்னு சொன்னா நீங்க நம்பப் போறதில்ல. அதுக்காகக் கேக்காமயே இருந்தா, அப்புறம் இதத்தான் உக்காந்து பேசிட்டிருக்கணும். நான் பெருமூச்சு விட்டுட்டுத்தான் பாத்துச் சொல்வேன். பரவால்லயா?”

“பரவால்ல.”

“அப்ப கேளுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட பிறகு, அவளாகவே இயந்திரத்தைச் சன்னலோரம் நகர்த்தினாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தையல் மெஷின் எண்ணெயும், துணியில் பிசிறு எடுக்கும் சின்ன இடுக்கியும் கையில். எந்த விசை என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். போன் விளக்கைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தாள். அவள் மூச்சு என் கைமேல் பட்டது. “ஏதோ மாட்டிட்டிருக்கு இங்க” என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் முள். யாரோ எப்போதோ பின் அடித்த தாளை அப்படியே மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அடித்துப் பார்க்கச் சொன்னாள். ‘ம’ அடித்தேன். ‘ம’ விழுந்தது. பத்துப் பன்னிரண்டு முறை அடித்தேன். எல்லாம் ‘ம’தான்.

அவள் பாயை விரித்துப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். நான் ஒரு தாளை மாட்டி எழுத ஆரம்பித்தேன். விசைகள் நினைத்ததைவிட அதிகமாகச் சத்தம் போட்டன.

“சத்தம் தொந்தரவா இருக்கா?”

“இருக்கு” என்றாள் தூக்கத்தில். “எழுதுங்க.”

நான்கு வரி எழுதினேன். மணிக்கட்டு வலிக்கவில்லை, தோள்தான் முந்தைய நாள் சுமையில் கனத்தது. மீதியைப் பிறகு எழுதலாம் என்று இயந்திரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, நானும் பாயில் ஓர் ஓரமாகப் படுத்தேன்.